அளவுகோலுக்கு முன்னே கேள்வி

மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்பில் முதலாண்டு முடியும் தறுவாயில், வடக்காயினும் தெற்காயினும், மாணவர் விடுதிகளில் எழும் கேள்வி ஒன்றே: "எந்த ஸ்கேல் எடுக்கப் போகிறாய்?" எதை அறிய விரும்புகிறாய் என்பது அதற்குப் பின்னரே கேட்கப்படுகிறது, பல சமயம் கேட்கப்படுவதேயில்லை. கைக்கு எட்டிய இரண்டு மூன்று வினாத்தாள்கள் முதலில் முடிவாகின்றன. அவற்றுக்கேற்ற தலைப்பு புனையப்படுகிறது. தலைப்புக்கேற்ற முன்னாய்வுகள் திரட்டப்படுகின்றன. ஆய்வேட்டுத் தயாரிப்பு தலைகீழாக நடக்கிறது.

இதற்கு மாணவரை மட்டும் பழிப்பது நியாயமன்று. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பாடத்திட்டப்படி இது ஈராண்டு முழுநேரப் பயிற்சி. புறநோயாளர் பிரிவு, உள்நோயாளர் கூடம், சோதனை அறிக்கைகள், தேர்வுகள் ஆகியவற்றுக்கிடையே ஆய்வுக்கு எஞ்சுபவை சில மாதங்களே. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தாமதமானால் அதுவும் சுருங்கும். ஆகவே கல்லூரி மாணவர் நூறு பேரிடம் படிவம் கொடுத்து, மூன்று மாறிகளுக்கிடையே ஒட்டுறவு கண்டு முடிப்பது பாதுகாப்பான வழியாகத் தோன்றுகிறது. நாள்தோறும் நோயாளர் நடுவே அமர்ந்திருப்பவர், ஆய்வுக்காக மட்டும் அவர்களை விட்டு விலகிச் செல்வது வேடிக்கைதான்.

நோயாளரிடமே ஆய்வு செய்ய முன்வருவோரையும் அளவுகோல் விடுவதில்லை. பி.எச்.க்யூ-9 என்னும் மனச்சோர்வு வினாத்தாளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வினாக்கள்; கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எளிமையானது, கட்டணமில்லாதது, பல மொழிகளில் கிடைப்பது. ஆயினும் 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்ற விடையைக் கூலி வேலைக்குச் செல்லும் ஒரு பெண்மணியிடம் வாசித்துக் காட்டினால், எதில் பாதி என்று அவர் திருப்பிக் கேட்பார். 'நெஞ்சு கனக்குது', 'உடம்பெல்லாம் எரியுது' என்று தம் துயரைச் சொல்லி வந்தவர், 'மனம் தளர்ந்து இருந்தீர்களா' என்ற வினாவுக்கு இல்லை என்று தலையசைக்கவும் கூடும். அப்போது பயிற்சி உளவியலாளர் தம் சொற்களில் விளக்குகிறார். அடுத்த நோயாளருக்கு வேறு விதமாக விளக்குகிறார். முப்பது பேருக்கு முப்பது விளக்கம் என்றால், அங்கே பயன்பட்டது ஒரு கருவியன்று, முப்பது கருவிகள். ஆனால் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அச்சாவதோ மூல ஆசிரியர் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் கண்ட க்ரோன்பாக் ஆல்ஃபா மதிப்பு! சொந்தத் தரவில் அதைக் கணக்கிட்டுப் பார்க்க நேரம் அதிகம் தேவையில்லை, பலரும் பார்ப்பதில்லை.

ஒரு கருவியை மொழிபெயர்த்து, அதை மூலம் அறியாத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு, பத்துப் பேரிடம் 'இந்த வினா உங்களுக்கு என்ன பொருள் தந்தது' என்று கேட்டுத் திருத்துவதற்கு மாதங்கள் ஆகும். முதலாண்டிலேயே தொடங்கினால் அது இயலும். அதுவே தனியொரு ஆய்வேடாகத் தகும் பணி என்பதை நெறியாளர்களும் ஏற்க வேண்டும். புதிதாக எதுவும் 'கண்டுபிடிக்கப்படவில்லை' என்று அதைத் தள்ளுவது குறுகிய பார்வை.

மாதிரி அளவும் இப்படியே வழக்கத்தால் முடிவாகிறது: நோயாளர் முப்பது, ஒப்பீட்டுக் குழு முப்பது. முன்மொழிவு எழுதுமுன் புறநோயாளர் பதிவேட்டைப் புரட்டி, எண்ணச் சுழற்சி நோயுடன் ஆறு மாதத்தில் எத்தனை பேர் வந்தனர், அவர்களுள் வேறு நோய் இல்லாதோர் எத்தனை, அளவுகோலின் மொழியைப் பேசுவோர் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போர் அரிது. எண்ணினால், நினைத்த ஆய்வு அந்த இடத்தில் நடவாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவம் இன்னும் நுட்பமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 99ஆம் பிரிவில், மனநோயுள்ளோரை நேர்கண்டு செய்யும் ஆய்வுக்கும் தாமாக முன்வந்து, விவரம் அறிந்து அளிக்கும் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அதே ஆண்டில் வெளியான ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளும் இதனை வலியுறுத்துகின்றன. ஆனால் எட்டு வாரமாகத் தமக்குச் சிகிச்சை அளிப்பவரே படிவத்தை நீட்டும்போது, மறுக்கும் துணிவு எந்த நோயாளருக்கு வரும்? நன்றியுணர்வும் அச்சமும் கலந்த கையெழுத்து அது. ஒப்புதல் பெறும் பொறுப்பைச் சிகிச்சையில் பங்கில்லாத ஒருவரிடம் ஒப்படைப்பதைத் தயாரிப்புக் கட்டத்திலேயே திட்டமிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். பணச் செலவும் இல்லை.

எம்.ஃபில். பட்டங்களையே நிறுத்திய பின்னும், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு அளித்தது. படிப்பின் பெயர் எதுவாக மாறினாலும் ஆய்வேடு என்னும் கடமை மாறப்போவதில்லை. ஆகவே துறைகள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். முதலாண்டின் ஆறாம் மாதத்தில் ஒவ்வொரு மாணவரும் தாம் கண்ட நோயாளர்களிடமிருந்து எழுந்த ஒரு கேள்வியை முன்வைக்கட்டும். அந்த அமர்வில் எந்த அளவுகோலின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது. கருவி எது என்ற பேச்சு அடுத்த மாதக் கூட்டத்துக்கு உரியது.