எடுப்பார் கைப்பிள்ளையா தமிழ்வினை?

மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ்ப் பணியின் பயனாய் அயற்சொற்கள் பல வழக்கினின்று அகன்றன. அக்கிராசனர் தலைவரானார்; காரியதரிசி செயலாளரானார்; பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. ஆயின், கண்ணுக்குத் தெரியும் அயற்சொல்லினும் தெரியாத அயல்வழக்குக் கொடிது. சொல்லெல்லாம் தமிழாயிருக்க, தொடர் மட்டும் ஆங்கிலமாயிருக்கும் நிலை இன்று பரவி வருகின்றது. அதற்குத் தலைவாயில் ‘டேக்’ என்னும் ஓர் ஆங்கில வினை. (மொழிமுதல் வாராத டகரம், ஒலிப்பு விளங்குதற்பொருட்டே இங்கு விட்டுவைக்கப்பட்டது.)

இச்சொல் ஆங்கிலர்க்கே பிறந்தவீட்டுச் சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் கொள்ளுதலைக் குறித்த வினை ‘நிமன்’ என்பது. அதன் உடன்பிறப்பு செருமானியத்தில் ‘நேமன்’ என இன்றும் வாழ்கின்றது. கி.பி. 793-இல் இலிண்டிசுபார்ன் தீவின் துறவிமடத்தைக் கொள்ளையிட்ட வடகடலோடிகளின் வழியினர், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். 1016-இல் டென்மார்க்கு அரசகுலத்துக் கனூட்டு அந்நாட்டின் அரியணையிலேயே அமர்ந்தான். வந்தவர் மொழியின் ‘டாக்கா’ என்னும் வினையே ‘டேக்’ ஆகி, நிமனைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளியது. இன்று அஃது எஞ்சியிருப்பது, உறுப்பு மரத்துப்போனதைக் குறிக்கும் ‘நம்’ என்னும் சொல்லிலும், சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்னும் சொல்லிலுமே. இடையே சில காலம் திருடுதல் என்னும் இழிபொருளில் கிடந்தது. சேக்சுபியரின் ஐந்தாம் என்றி நாடகத்தில் வரும் களவாடும் படைஞன் ஒருவனுக்கு ‘நிம்’ என்றே பெயர். வீட்டுக்குரியவன் திண்ணைக்குத் தள்ளப்பட்ட கதை இது.

ஆங்கிலர்க்கு மருந்துண்பதும் தேநீர் பருகுவதும் இருக்கையில் அமர்வதும் உலாவுவதும் படம் பிடிப்பதும் வண்டியேறுவதும் விடுப்புப் பெறுவதும் இவ்வொரு வினையே. ‘இன்’ என்னும் சிறு சொல் பின்னே சேர்ந்தால் புகலளித்தலும் ஆம், ஏமாற்றுதலும் ஆம். ‘ஆப்டர்’ சேர்ந்தால் மகன் தந்தையை ஒத்திருத்தல் ஆம். அஃது அம்மொழியின் இயல்பு. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. குறை, அவ்வினையைக் கண்டவிடத்தெல்லாம் ‘எடு’ என்று எழுதிச் செல்லும் தமிழரிடத்து உள்ளது. முடிவு எடுத்தான், ஓய்வு எடுத்தான், குளியல் எடுத்தான், தேர்வு எடுத்தான், பேருந்து எடுத்தான், முயற்சி எடுத்தான்! பணி முடிய நாளாகும் என்பது போய், ‘நாள் எடுக்கும்’ என்றாயிற்று. ஈழத்துச் செய்தித்தாள்களில் கூட்டமும் நேர்ச்சியும் நிகழ்வதில்லை, ‘இடம்பெறுகின்றன’. அதுவும் இதே ஆங்கில வினையின் மற்றொரு தொடரை எழுத்துக்கெழுத்துப் பெயர்த்ததே.

எடு என்பதன் அடிப்படைப் பொருள் உயர்த்துதல். கோயிலெடுத்தல், விழாவெடுத்தல், குரலெடுத்துப் பாடுதல், பாம்பு படமெடுத்தல் ஆகிய யாவற்றிலும் அம்மேல்நோக்கு உண்டு. தூக்கி அறிவதாகலின் எடை எனப்பட்டது. எடுப்பான தோற்றம் என்பதிலும் அப்பொருளே நிற்கின்றது. ஆங்கில வினைக்கு நேர் நிற்கும் தமிழ்வினை ஒன்று வேண்டுமெனின், அது கொள் என்பதே. மருந்தை உட்கொள்கிறோம், பணியை மேற்கொள்கிறோம், விழாவில் கலந்துகொள்கிறோம், ஓய்வு கொள்கிறோம், பெண் கொள்கிறோம். எடுத்ததை வைக்கலாம், கொண்டதைக் கொடுக்கலாம். கொள்வினை கொடுப்பினை என்னும் இணை அங்ஙனம் எழுந்தது. ‘எடுத்த’ முடிவை எங்கே வைப்பது?

ஆங்கிலத்தில் நிமன் பட்ட பாட்டை இங்குக் கொள் படுகின்றது. அங்குத் தள்ளியது வந்தவர் சொல். இங்குத் தள்ளுவதோ, வந்தவர் வழக்கைத் தலையிற் சுமந்து நிற்கும் தமிழ்ச்சொல். ஆகலின் பகை எவர்க்கும் புலப்படவில்லை.

எப்பெயர்க்கு எவ்வினை என்பதில் தமிழிலக்கணம் கொண்டிருந்த விழிப்பு வியப்பூட்டுவது. பல வினைகளுக்குரிய பொருள்களைத் தழுவிய ஒரு பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தலாகாது எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுத்தது. அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நான்கிற்கும் பொதுவாகலின், அடிசில் உண்டார் என்னாது அயின்றார் என்க என்று சேனாவரையர் உள்ளிட்ட உரையாசிரியர் விளக்கினர். வாயில் இடுவனவற்றுக்கே நான்கு வினை வகுத்த மொழியில், இன்று நான்கிற்கும் ‘எடுத்துக்கொள்’ ஒன்றே போதுமாம்!

இது புலவர்க்கு மட்டும் உரிய கவலை அன்று. நாட்டு மருத்துவர் குடிநீரைப் பருகுக என்பார். இளகத்தை நக்குக என்பார். பொடியைத் தேனிற் குழைத்து உண்க என்பார். எண்ணெயைப் பூசுக என்பார். ‘நாள்தோறும் இருவேளை எடுத்துக்கொள்ளவும்’ என்னும் சீட்டு, குடிப்பதா மெல்வதா விழுங்குவதா என்று சொல்வதில்லை. தமிழ் நன்கறிந்த மூதாட்டி, தமிழில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பொருள் கேட்க வேண்டியுள்ளது.

அலுவலகங்களிலோ நிலை இதனினும் இழிந்தது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. அதன்வழி வந்த தமிழிற் பெரும்பகுதி ஆங்கில வரைவின் நிழலே. குளத்தைத் தூர்வார வேண்டி விண்ணப்பித்த உழவனுக்குத் ‘தக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என மறுமொழி வருகின்றது. எடுப்பவர் யார்? எடுக்கப்படுவது என்ன? என்று? தொடரில் எழுவாயும் இல்லை, செயலும் இல்லை, நாளும் இல்லை. இன்ன பொறியாளர் இன்ன திங்களுக்குள் தூர்வாருவார் என்று தமிழியல்பில் எழுதினால், நிறைவேறாவிடத்து உழவன் அவரைக் கேட்கலாம். ‘எடுக்கப்படும்’ என்பதைக் கொண்டு எவரைக் கேட்பான்? இவ்வழக்கு அலுவலர்க்கு இனிப்பதன் கரணியம் இதுவே போலும்.

கணினிப்பொறி மொழிபெயர்ப்பும் இப்போது இவ்வழக்கையே பெருக்குகின்றது. மக்கள் எழுதி வைத்ததைத்தானே அது கற்கும்? ஆகவே திருத்தம் எழுதுவோரிடத்தும் கற்பிப்போரிடத்தும் வேண்டும். ஒவ்வொரு பெயர்க்கும் உரிய வினையைக் காட்டும் அகரமுதலி ஒன்றைப் பாடநூல் துறையினர் ஆறாம் வகுப்பு முதலே மாணவர் கையில் தருதல் வேண்டும். முடிவு என்பதன்கீழ்ச் செய், காண். பொறுப்பு என்பதன்கீழ் ஏல். தேர்வு என்பதன்கீழ் எழுது. படம் என்பதன்கீழ் வரை, பிடி என அது நிற்றல் வேண்டும். அதுவரையும் தமிழாசிரியர் தம் அறையில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். ‘வகுப்பெடுக்கப் போகிறேன்’ என்று எழுந்து செல்வோர் அவருள்ளும் பலர். வகுப்பு நடத்தப்படுவது, பாடம் சொல்லப்படுவது. எடுக்கப்படுவது சுண்ணக்கட்டி மட்டுமே.