நிச்சயதார்த்தப் படத்துக்கும் சீசன் உண்டு

சீசன் பாராமல் சரக்கு எடுக்கும் வியாபாரி இல்லை. ஆனால் பிள்ளைகளின் நிச்சயதார்த்தப் படம் என்று வந்துவிட்டால் நம்மவர்கள் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

கல்முனையில் எனக்குத் தெரிந்த குடும்பமொன்று, ஜூன் மாதத்தில் வேன் பிடித்துக் காலிக்குப் போனது. கோட்டை அழகுதான். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். 1939இல் கட்டிய வெளிச்சவீடும் அருகே பள்ளிவாசலும் படத்துக்கு எடுப்பானவை. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தென்மேல் பருவக்காற்று. உடுப்பு நனைந்ததுதான் மிச்சம். வேன் வாடகையும் படப்பிடிப்பாளர் கூலியும், பொண்ணின் வாப்பா கடைச் சரக்குக்கு ஒதுக்கியிருந்த பணம்.

அதே மாதத்தில் பக்கத்துப் பாசிக்குடாவில் கடல் குளம்போல் கிடக்கும். வெளிச்சத்தையும் பாருங்கள். மேற்குக் கரையில் அந்திச் சூரியன் கடல் பக்கம் நிற்பதால் முகம் கறுத்துவிடும். கிழக்கில் அஸருக்குப் பிறகு வெயில் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம். முகமும் துலங்கும், கடலும் நீலமாக விழும்.

டிசம்பர், ஜனவரியில் கணக்கு மாறும். அப்போது மழை கிழக்கில். கொழும்பு, காலிப் பக்கத்தார் தங்கள் கரையிலேயே காலை வெயிலில் எடுக்கலாம்.

தூரம் போவதால் மட்டும் படம் அழகாகிவிடாது. மாதமும் நேரமும் பார்த்து அருகிலுள்ள கரைக்குப் போனால் இரு வீட்டுப் பெரியவர்களும் கூட வரலாம். மிஞ்சும் பணம் பிள்ளைகளின் புதுக் குடித்தனத்துக்கு முதலாகட்டும்.