குண்டின் வேகமும் பொட்டிப்புரத்துக் கிணறும்

துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது? சினிமாவில் ஹீரோ குனிந்து தப்பித்துவிடுகிறார், அது வேறு கதை! நிஜத்தில் இந்த வேகத்தை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பெயர் குரோனோகிராஃப்.

ஒரு ஸ்டாண்டின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு ஒளி சென்சார்கள் இருக்கும். குண்டு முதல் சென்சாருக்கு மேலே போகும்போது அதன் நிழல் விழும், கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதைத் தாண்டும்போது நின்றுவிடும். இடையில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கணக்கு சுலபம், நம்பகமான எண் கிடைப்பதுதான் கஷ்டம். சென்சார்களுக்கு இடையே 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அதைக் கடக்க ஒரு மில்லி செகண்ட் போதும். இதில் தூரம் 3 மி.மீ. பிசகினால் விடையில் 1 சதவீதம் பிசகு. குண்டு நேராகப் போகாமல் 8 டிகிரி சாய்ந்து போனாலும் அதே 1 சதவீதம். துப்பாக்கிக்கு மிக அருகில் கருவியை வைத்தால், குழலிலிருந்து பீறிடும் காற்றும் புகையும் குண்டுக்கு முன்பே முதல் சென்சாரைத் தட்டிவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்தால் இன்னொரு தொல்லை. அது வினாடிக்கு 100 முறை மினுக்குவதால் சென்சார் குழம்பிப் போகும். அதனால்தான் அனுபவசாலிகள் கருவியைச் சில மீட்டர் தள்ளி, சுடும் கோட்டுக்கு இணையாக, சீரான வெளிச்சத்தில் வைக்கிறார்கள். சென்சார்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டுவதும் நல்லது. 30 செ.மீ.யை 120 செ.மீ. ஆக்கினால் அதே 3 மி.மீ. பிசகு கால் சதவீதமாகக் குறைந்துவிடும்.

1 சதவீதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர்கன்னின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை கிராம் பெல்லட் 280 மீட்டர் வேகத்தில் போனால் 19.6 ஜூல். 286 மீட்டர் என்றால் 20.4 ஜூல். வேகத்தில் வித்தியாசம் 2 சதவீதம்தான். ஆனால் ஒன்று விளையாட்டுச் சாமான், இன்னொன்று லைசென்ஸ் இல்லாத ஆயுதம். கருவி சாய்ந்திருந்ததா என்பது சம்பந்தப்பட்டவருக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே கணக்கு தேனி மாவட்டத்திலும் உண்டு, துப்பாக்கி இல்லாமல்!

போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே அமைப்பதாகத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை, அதன் முடிவில் ஒரு பெரிய குகை, குகைக்குள் 50,000 டன் இரும்புக் கருவி. இரும்புத் தகடுகள் ஏறத்தாழ 150 அடுக்கு. ஒவ்வொரு இடைவெளியிலும் ஆர்.பி.சி. எனப்படும் கண்ணாடி சென்சார்கள்.

நியூட்ரினோ இரும்பில் மோதினால் சில சமயம் மியூவான் என்ற துகள் கிளம்பும். அது மேலிருந்து கீழே போகிறதா, கீழிருந்து மேலே வருகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. கீழிருந்து வந்தால் அந்த நியூட்ரினோ பூமியின் மறுபக்கத்திலிருந்து, அதிகபட்சம் 12,700 கி.மீ. மண்ணையும் பாறையையும் துளைத்து வந்தது என்று அர்த்தம். எந்த சென்சார் முதலில் தட்டியது, எது அடுத்து என்று பார்த்துத்தான் திசையைச் சொல்ல முடியும். அதாவது, இதுவும் ஒரு குரோனோகிராஃப்தான்.

மியூவான் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போகும். ஒரு நானோ செகண்டில் 30 செ.மீ. அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே சுமார் 10 செ.மீ.தான், அதைக் கடக்க 0.3 நானோ செகண்ட். ஆனால் அந்த சென்சாரின் துல்லியமோ சுமார் ஒரு நானோ செகண்ட். இரண்டு அடுக்கை மட்டும் நம்பினால் திசையே தலைகீழாகிவிடலாம்! பத்து அடுக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மீட்டர், மூன்று நானோ செகண்டுக்கு மேல். இப்போது திசையை நம்பலாம். ஏர்கன்காரர் சென்சார்களைத் தள்ளி வைக்கிறாரே, அதே தந்திரம். மதுரையில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி ஒன்று 2018இல் இயங்கத் தொடங்கி, வானிலிருந்து வரும் மியூவான்களைப் பதிவு செய்தது.

சரி, பல முறை அளந்து சராசரி எடுத்தால் எல்லாத் தவறும் போய்விடுமா? போகாது. இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு.

2011 செப்டம்பரில் இத்தாலியின் ஓபரா குழு ஒரு செய்தி சொன்னது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. பயணம் செய்த நியூட்ரினோக்கள், ஒளி வரவேண்டிய நேரத்தைவிட 60 நானோ செகண்ட் முன்னதாக வந்துவிட்டனவாம். ஐன்ஸ்டீன் தோற்றார் என்று தலைப்புச் செய்திகள்! அவர்கள் ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள், ஆயிரக்கணக்கான பதிவுகள். ஆனால் 2012இல் தெரிந்தது என்ன? நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் ஆப்டிக் கேபிள் ஒன்று சரியாகச் சொருகப்படவில்லை. அதே ஆண்டு அதே மலைக்குள் இருந்த இக்காரஸ் உள்ளிட்ட வேறு கருவிகள் தனியாக அளந்து பார்த்தன. நியூட்ரினோ ஒளியைத் தாண்டவில்லை.

கோணலான ஸ்கேலால் ஆயிரம் முறை அளந்தாலும் கோணலான விடைதான் வரும். அதைக் கண்டுபிடிக்க வேறொருவர் கையில் வேறொரு ஸ்கேல் வேண்டும். 1742இலேயே பெஞ்சமின் ராபின்ஸ் குண்டின் வேகத்தைக் கடிகாரமும் சென்சாரும் இல்லாமல் அளந்து காட்டினார். தொங்கவிட்ட மரக்கட்டையில் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். வழி வேறாக இருந்தும் விடை ஒன்றாக வந்தால்தான் எண்ணுக்கு மரியாதை.

இந்த மரியாதை குகைக்குள் மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி.

பொட்டிப்புரம் சுற்றுவட்டார மக்களின் அச்சம் நியூட்ரினோவைப் பற்றியது மட்டுமல்ல. நியூட்ரினோ ஏற்கனவே ஒவ்வொரு வினாடியும் கோடிக்கணக்கில் எல்லோர் உடம்பையும் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உண்மையான கேள்விகள் இரண்டு. பாறைக்கு வெடி வைத்தால் வீட்டுச் சுவர் என்ன ஆகும்? கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்? இரண்டுமே அளந்து பதில் சொல்லக்கூடியவை.

ஆனால் நடந்தது வேறு. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஆய்வறிக்கை தயாரித்த அமைப்புக்கு அந்த வேலைக்கான அங்கீகாரம் இல்லை என்பது ஒரு காரணம். எளிய தமிழில் சொன்னால், கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை! 2018இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் சொன்னது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. ஒரு பக்கம் "ஒன்றும் ஆகாது", மறுபக்கம் "எல்லாம் போய்விடும்". இரண்டு வாக்கியத்திலும் எண் இல்லை.

வெடியதிர்வும் ஒரு வேகம்தான். தரை அசையும் வேகத்தை வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். அந்தச் சென்சாரைப் பாறையில் இறுக்கமாகப் பதிக்காமல் சும்மா வைத்தால் எண் பொய் சொல்லும். கிணறும் அப்படித்தான். விளிம்பில் ஒரே இடத்தில் குறி போட்டு, ஒரே நேரத்தில், மோட்டார் ஓடாதபோது கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடும்போது அளப்பது, துப்பாக்கி வாயருகே குரோனோகிராஃப் வைப்பது போல. மழையளவையும் கூடவே எழுத வேண்டும். ஒரு மாதம் போதாது, சில ஆண்டுகள் வேண்டும். வெடி வைத்த பிறகு தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

முக்கியமாக, அந்த நோட்டுப் புத்தகம் திட்டக்காரர்களிடம் ஒன்று, ஊர்க்காரர்களிடம் ஒன்று என்று இருக்க வேண்டும். ஊரே தன் கையால் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வாதம் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கேபிள் கழன்றிருக்கிறது என்று தேடலாம். இந்த ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும், நாளை மலையடிவாரத்தில் குவாரி வந்தாலும் ரோடு வந்தாலும் அந்த நோட்டு பயன்படும்.

மியூவான் மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரிந்துகொள்ள 150 அடுக்கு சென்சார் வைக்கத் தயாராக இருக்கிறது விஞ்ஞானம். கிணற்றுத் தண்ணீர் மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்ல ஒரு கயிறும் ஒரு நோட்டும் இரண்டு தரப்பு ஆட்களும் போதும். அதைச் செய்யாமல் மக்களைப் பார்த்து "நம்புங்கள்" என்று சொல்வது விஞ்ஞானம் இல்லை.