ஒரு சுவருக்கு மட்டும் வர்ணம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் கடைவீதிகளில் பெயின்ட் கடைகள் களைகட்டிவிடுகின்றன. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் முதலில் பிள்ளைகளுக்குப் புத்தாடை, அடுத்தாற்போல் சுவருக்கு வர்ணம் என்னும் வரிசை மலைநாட்டுக் குடும்பங்களில் நெடுநாளாக நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்தில் இதிலே ஒரு புதுமையும் சேர்ந்திருக்கின்றது. நான்கு சுவருக்கும் ஒரே நிறம் பூசாமல், மூன்றை வெளிர் நிறத்தில் விட்டுவிட்டு, ஒன்றுக்கு மட்டும் கடும் நீலமோ, செங்காவியோ, கிளிப்பச்சையோ பூசுகின்றனர். காண்போரில் சிலர் மெச்சுகின்றனர், சிலர், "பாதியிலேயே பெயின்ட் தீர்ந்துவிட்டதோ?" என்று கேலி பேசுகின்றனர். கேலி பேசுவோர் கட்சியில் நாம் இல்லை. இந்த ஒற்றைச் சுவரைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு கலந்து பேச விரும்புகின்றோம்.

உண்மையில் இது நமக்கு முற்றிலும் புதிதன்று. கோயில் மதிலிலே காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தீட்டிய நம் முன்னோர், எந்தச் சுவர் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதை நன்கறிந்திருந்தனர். மேல்நாட்டாரும் இதைச் சிந்தித்திருக்கின்றனர். லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர், 1931ஆம் ஆண்டில் சலூப்ரா என்ற சுவர்த்தாள் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தெரிந்தெடுத்து, எதனோடு எது இசையும் என்று வகுத்துக் கொடுத்தார். மெக்சிகோ நகரில் லூயிஸ் பராகன் என்பவர் 1948இல் தமக்கெனக் கட்டிய வீட்டில், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ரோஜா நிறச் சுவர் ஒன்று பளிச்சென்று நிற்கின்றது. அவ்வீடு 2004ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றது. ஆனால் அவர்களுக்கெல்லாம் விசாலமான கூடமும் வேண்டிய வெளிச்சமும் இருந்தன. நம்மவர்க்கு வாய்த்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஓர் அடுப்பங்கரை. ஆகவே அவர்களிடமிருந்து துணிவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை நாமே யோசிக்க வேண்டியிருக்கின்றது.

லயங்கள் கோப்பிக் காலத்திலேயே எழுந்தவை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டு, பிறகு கோப்பி நோயால் அழிந்து, மலையெல்லாம் தேயிலையான பின்னரும் அந்த நீண்ட கூரைகள் மாறவில்லை. சுவர் தோட்டத்துடையது, அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதும் தோட்டத்தின் காரியமாகவே இருந்தது. அழகுக்காக அடித்த சுண்ணாம்பன்று, நோய் பரவாதிருக்க அடித்தது. எனவே மலை முழுவதும் லயம் என்றால் வெள்ளை என்றாயிற்று. உள்ளே குடியிருப்பவர்களின் நிலையோ சுவரைவிட நிச்சயமற்றதாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலட்சக்கணக்கானோரில் யார் இங்கே, யார் அங்கே என்று பங்கிட்டது. நாளை தலைமன்னாரில் கப்பலேற வேண்டிவருமோ என்று காத்திருக்கும் குடும்பத்துக்குச் சுவரில் வர்ணம் தீட்ட மனம் வருமா? நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று ஒரே லயத்தில் ஒரு வீட்டு முகப்பு நீலமாகவும் அடுத்தது பச்சையாகவும் இருப்பதைக் காணும்போது, இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

"நமக்குச் சொந்தமில்லாத சுவருக்கு எதற்காக நம் காசைக் கொட்டுவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது; இத்தனை கைமாறியும் லயத்துச் சுவர் குடியிருப்பவர் கைக்கு வரவில்லை. எனினும், அந்தச் சுவரின் அருகே பிறந்த பிள்ளை பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கின்றது. அதனடியில் அமர்ந்தே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றது. காணி உறுதி வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்குமா? நமது அபிப்பிராயம் இதுதான்: செலவை ஒரு சுவரளவுக்குச் சுருக்கிக்கொண்டு, அந்த ஒன்றைச் சரிவரச் செய்யலாம்.

சரிவரச் செய்வதென்பது எந்தச் சுவரைத் தேர்ந்தெடுக்கின்றோம் என்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கின்றது. நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சுவரைப் பிறகு தேடுபவர்களே அதிகம். அது தலைகீழ்க் காரியம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய லயங்களில் மண்மேட்டை ஒட்டிய பின்சுவர் என்றைக்கும் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். அதிலே எவ்வளவு விலையுயர்ந்த வர்ணத்தைப் பூசினாலும் கொப்பளம் கட்டி உரியும். அடுத்த வீட்டாரோடு பொதுவாயுள்ள இடைச்சுவரில், அப்பால் அவர்கள் அடுப்பு எங்கே எரிகின்றது என்று கேட்டறிந்த பிறகே கை வைக்க வேண்டும். எஞ்சியவற்றில் வாசல் வெளிச்சமோ ஜன்னல் வெளிச்சமோ நேராக விழும் சுவரே தகுதியானது. ஜன்னல் உள்ள சுவருக்கே கடும் நிறம் பூசுவோர் உளர். வெளியிலிருந்து வரும் ஒளியில் கண் கூசும்போது, அந்தச் சுவர் கறுப்பாகவே தோன்றும்.

ஈரம் இருக்கின்றதா என்பதை அறியக் கைவைத்தியம் ஒன்று உண்டு. இரண்டடிச் சதுரப் பொலித்தீன் தாளொன்றை நான்கு ஓரமும் பசைநாடாவால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகின்றது. அச்சுவரை விட்டுவிடுவதே நலம். வெளிப்புறத்தில் மட்டும் துளி இருந்தால் அது அறைக்குள் உள்ள நீராவி. சமையற் புகையும் ஆவியும் போக வழி செய்தால் போதும்.

காலமும் முக்கியம். இங்கேதான் நமது வழக்கத்தோடு நமக்குச் சிறு பிணக்கு. தீபாவளி வரும் ஐப்பசி, மலைநாட்டில் மாலைதோறும் இடிமழை கொட்டும் காலம். சுவர் உலர நேரமில்லை. வர்ணமும் உலர நேரமில்லை. தைப் பொங்கலிலிருந்து பங்குனி வரையுள்ள மாதங்களே மேற்குச் சரிவுகளில் வறண்டவை. அக்காலத்திலும் நுவரெலியாப் பக்கத்தில், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், இரவிலே பனி உறைவதுண்டு. நீரிற் கரையும் எமல்ஷன் வர்ணங்கள் பத்துப் பாகைக்குக் கீழே குளிர்ந்தால் ஒழுங்காகப் படலம் கட்டா. காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் முடித்துவிட்டால் இரவுக் குளிருக்குமுன் காய்ந்துவிடும். தீபாவளிக்கே வர்ணம் வேண்டுமென்று பிடிவாதம் செய்யும் வீடுகளில் ஒரு சமாதானம் சொல்லலாம்: தீபாவளிக்குச் சுவரைச் சுரண்டிக் கழுவிச் சுத்தம் செய்வது, பொங்கலுக்கு வர்ணம் பூசுவது. முற்பணத்தில் ஒரு பங்கு அதுவரை கையில் தங்குமா என்பது வேறு விஷயம்!

இனி நிறத்துக்கு வருவோம். கடையில் விளக்கின்கீழ் அட்டையிலே பார்த்த நிறம், மூடுபனியில் வீட்டுக்குள் அதே நிறமாக இராது. இதற்கு விஞ்ஞான காரணமும் உண்டு. ஒளி மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முந்திக் கறுத்துவிடுகின்றது. நீலமும் பச்சையும் அதிக நேரம் தெளிவாய் நிற்கின்றன. இதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே கண்டு சொன்னார். பனி இறங்கும் நம் மலைகளில் பகல் மூன்று மணிக்கே அந்தி வந்துவிடும் நாள்கள் உண்டல்லவா? ஆகவே இருண்ட காம்பிராவில் கருஞ்சிவப்பை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். மயில்நீலமும், மஞ்சட் காவியும், இளம் வாழையிலைப் பச்சையும் அங்கே உயிரோடிருக்கும். செங்காவிதான் வேண்டுமென்றால், வாசலிலிருந்து வெயில் நேரே விழும் சுவருக்கு அதைப் பூசலாம். ஐயமிருந்தால் பழைய காட்போட் அட்டையொன்றில் இரண்டு பூச்சுப் பூசி, அதைச் சுவரில் சாய்த்துக் காலையிலும், பனிமூட்டத்திலும், இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்யலாம். இந்தக் காரியத்தில் வீட்டுப் பெண்களின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கட்டும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிக் கொழுந்துக்குப் போய், மாலையில் திரும்பி வரும் கண்களுக்கன்றோ அந்தச் சுவர் முதலில் தெரிகின்றது!

கையிருப்புக் குறைந்தவர்கள் சுண்ணாம்பை இகழ வேண்டியதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகின்றது; சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடுகின்றது; அதன் காரம் பூஞ்சணத்துக்குப் பகை. ஈரச் சுவருக்கு அதைவிட உகந்த பூச்சு மலிவில் இல்லை. ஆனால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் சிலவே. காவி, மஞ்சட் காவி போன்ற மண் நிறங்கள் தாங்கும். சலவை நீலமும் தாங்கும். செடியிலிருந்து எடுக்கும் சாயங்கள் பெரும்பாலும் தாங்கா. ஆரத்தித் தட்டிலே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து என்னவாகின்றன என்பதை அறியாத தமிழ்ப் பெண் யார்? மஞ்சள் நிறச் சுவரை எண்ணி மஞ்சள்தூளைக் கலந்தால் கிடைப்பது சிவப்பு. அதுவும் சில வாரங்களில் வெளிறிவிடும். நிறப்பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் கை பட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சுவரை முதலில் நீர் தெளித்து நனைத்துப் பாலைப் போல் மெல்லியதாக மூன்று பூச்சுப் பூசுவது, கெட்டியாக ஒரு பூச்சுப் பூசுவதைவிட மேல். பழைய எண்ணெய் வர்ணத்தின்மீது சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் பேராபத்து. கலக்கும் இடத்தில் சிறுவர்களை அண்டவிடக் கூடாது.

எமல்ஷன் பூசுவோருக்குக் கணக்குச் சொல்கின்றோம். பன்னிரண்டடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள சுவர் 96 சதுர அடி. ஒரு லீற்றர் வர்ணம் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 110 சதுர அடி ஓடும் என்று கொண்டால், இரண்டு பூச்சுக்கு இரண்டு லீற்றர் தாராளம். அதே காம்பிராவின் நான்கு சுவரும் சேர்ந்து 352 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தாலும் ஆறு லீற்றர் வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அடிப்பூச்சுக்கு ஒதுக்க வேண்டும். கடும் சிவப்பும் கடும் மஞ்சளும் அடியிலுள்ளதை எளிதில் மறைக்கா. மூன்றாம் பூச்சுக் கேட்கும்.

தனி வீடு கிடைத்தவர்களுக்கும் ஒரு சொல். இந்திய உதவியுடன் மலைநாட்டில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். முதல் தொகுதி வீடுகள் 7 பேர்ச் நிலத்தில் ஏறத்தாழ 550 சதுர அடியில் அமைந்தவை. புது வீட்டில் குடிபுகுந்த மகிழ்ச்சியில் மறுவாரமே சுவரில் கடும் நீலம் பூசிவிடுவது இயல்பு. ஆனால் புதுச் சீமெந்துச் சாந்து காய்ந்து இறுக நான்கு வாரமாவது ஆகும். மழை மாதங்களில் இன்னும் அதிகம். அதற்குள் பூசினால் சாந்தின் காரம் நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்யும். பால் காய்ச்சிக் குடிபுகலாம், வர்ணம் பொறுத்திருக்கட்டும்.

பழைய கதவு நிலைகளிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் முன்பு பூசிய எண்ணெய் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது தவழும் குழந்தை உள்ள வீட்டில் தகாது. நீர் தெளித்து ஈரமாக்கித் தேய்த்து, விழுந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கட்டி எறிய வேண்டும்.

வேலை முடிந்ததும் டப்பாவிலுள்ள நிறத்தின் பெயரையும் இலக்கத்தையும் கதவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். காலண்டர் ஆணியை வேறிடத்துக்கு மாற்றும்போது அந்தத் துளையை மறைக்க, அதே நிறத்தில் ஒரு சிரட்டையளவு வர்ணம் தேவைப்படும்.