அறுபதுக்குப் பிறகு எந்தக் கூரை?

2030இல் மலேசியரில் நூற்றுக்கு 15 பேர் 60 வயதைக் கடந்திருப்பர் என்று கோலாலம்பூரில் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும்! தோட்டத்துக் கணக்கை யார் போடுவது?

தோழர்களே! 1951இல் சேமநிதிச் சட்டம் வந்தது, நல்லதுதான். ஆனால் சம்பளம் சிறுத்தால் சேமநிதியும் சிறுக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்பதே 2013இல்தான் நடப்புக்கு வந்தது! அதற்கு முன் 30 ஆண்டு மரம் சீவியவருக்கு நிதியில் என்ன மிஞ்சும்? செக்ரோல் எழுதிய கிராணிமார்களுக்குத் தெரியாததா?

வேலை ஓய்ந்த நாளிலே தோட்டத்து வீடும் கைவிட்டுப் போகிறது. கிள்ளானில் வாடகை கட்டினால் மருந்துக்கு ஏது காசு? பிள்ளைகள் பார்ப்பார்களாம்! பிரிக்பீல்ட்ஸில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பிள்ளை எங்கே படுக்க வைப்பான்?

ஓய்வுக்கு முன்பே சொந்த வீடு. ஏழ்மையை நிரூபிக்க மனுப்போட்டு அலையாமல், சேமநிதிக்கு மேல் ஆயுள்வரை மாதத்தொகை. இவ்விரண்டையும் அரசாங்கம் தன் முதியோர் திட்டத்தில் எழுதவேண்டுமென நாம் கேட்கிறோம். எழுதும்வரை கேட்போம்!