கோப்பைகள் போதும், ஊர்க் கழகங்களுக்கு லீக் எங்கே?

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்க் கால்பந்துக் கழகங்களை விளையாட்டுத் துறையும் மாநிலக் கால்பந்துச் சங்கமும் கைவிட்டுவிட்டன. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களிலும், உள்ளே திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் பக்கத்து ஊர்களிலும் கால்பந்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள்தான். விடியும் முன் கடலுக்குப் போய் முற்பகலில் கரையேறி, மாலையில் பந்தைத் தொடுகிறவர்கள் அவர்களில் உண்டு. ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் ஷிஃப்ட் முடித்துத் திடலுக்கு வருகிறவர்களும் உண்டு. ஜெர்சிக்கு ஊரில் வசூல், பந்துக்குக் கையிலிருந்து பணம். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பக்கத்து ஊரில் ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட் அறிவிப்பார்கள். நுழைவுக் கட்டணம் கட்டி, வேன் பேசிப் போவார்கள். அது நாக் அவுட். காலையில் தோற்ற அணிக்கு ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த ஆட்டம் எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் இறக்கப்படுவார், உள்ளூர்ப் பையன் கோட்டுக்கு வெளியே உட்காருவான்.

ஆட்டக்காரன் உருவாவது தொடர்ந்து ஆடுவதால். தோற்ற பின் அடுத்த ஞாயிறு மீண்டும் களமிறங்க ஓர் ஆட்டம் இருக்க வேண்டும். அதைத் தருவது லீக் மட்டுமே. மாவட்டப் போட்டி என்ற பெயரில் இங்கே எது நடந்தாலும், அது ஊராட்சிக் கழகம் வரை இறங்கி வந்து மாதக்கணக்கில் நீடிக்கிற ஒன்றாக இல்லை. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த செங்கல்பட்டுக்கு இத்தனை ஆண்டுகளாகியும் இதைச் செய்ய முடியவில்லை என்றால், அது பணக் குறையால் அல்ல, மனக் குறையால்.

பணமும் வேகமும் இந்தக் கரைக்கு வரும் என்பதை நாடே பார்த்தது. 2022 மார்ச்சில் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு என்று முடிவானது. நான்கே மாதத்தில் பூஞ்சேரியில் அரங்கு எழுந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலை புதுப்பொலிவு பெற்றது, 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. தமிழக அரசு அதற்கு ஒதுக்கியது 92 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி, 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப், இரண்டும் அதே மாமல்லபுரத்தில். இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. தமிழகத்துக்குப் பெருமை சேர்த்தவை அவை. தனியார் முயற்சியில் மாமல்லபுரம் அருகே எஃப்.சி. மெட்ராஸ் கட்டியிருக்கும் கால்பந்துப் பயிற்சி மையமும் பாராட்டுக்குரியதே. ஆனால் அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால், கோல் போஸ்டுக்குச் சவுக்குக் கம்பு நட்டு ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கோப்பில் எந்த அதிகாரி கையெழுத்திட்டார்?

செஸ் ஒலிம்பியாட் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நிர்வாகச் சண்டைக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் யார்? ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய், ஆடாமலே திரும்பிய கோகுலம் கேரளா வீராங்கனைகள். தடை 11 நாளில் விலகியது; பாடம் மட்டும் கற்கப்படவில்லை. 2023 ஜனவரியில் சம்மேளனம் வெளியிட்ட ‘விஷன் 2047’ திட்டத்தில் கிராமங்களுக்கான இலக்கு என்ன தெரியுமா? 2026-க்குள் 100 கிராமங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 12,500-க்கு மேல் ஊராட்சிகள் இருந்தபோது, இந்தியா முழுமைக்கும் 100! அடித்தளத்தை இப்படி அலட்சியம் செய்த நாட்டின் ஆண்கள் அணி, 2023-இல் தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்தது, 2025 நவம்பரில் 142-க்குச் சரிந்தது. அதற்கு முந்தைய மாதம் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது.

மாநில அரசின் கணக்குக்கு வருவோம். 2020-இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024-இல் ஊராட்சிதோறும் 33 வகைப் பொருட்கள் கொண்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது, செலவு 86 கோடி. அதே ஆண்டு முதலமைச்சர் கோப்பைக்குப் பரிசுத்தொகை மட்டும் 37 கோடி. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, அணுகுமுறை மாறவில்லை. பொருள் கொடுப்பது, கோப்பை கொடுப்பது, படம் எடுப்பது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என ஐந்து பிரிவுகள் உண்டு. ஆண்டு முழுவதும் இயங்கும் ஊர்க் கழகத்துக்கு அதில் இடமில்லை. கொடுத்த பந்தை எங்கே, யாரோடு, எத்தனை வாரம் ஆடுவது என்ற கேள்விக்கு எந்தத் திட்டமும் பதில் சொல்லவில்லை.

மிசோரம் சொன்னது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத மாநிலம் அது. 2012-இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. 2014-இல் அந்த மாநிலம் சந்தோஷ் கோப்பையை வென்றது. 2017-இல் ஐசால் எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தையே தூக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? குமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊரிலிருந்து மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் ஐ.எஸ்.எல். வரை போனார்கள். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். தமிழகப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன்கள். மாமல்லபுரம் பக்கத்துக் கொக்கிலமேட்டுப் பிள்ளைகளின் காலில் வலு குறைவா?

திடலைப் பற்றி நம் கோபம் இன்னும் அதிகம். ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது; வறண்ட ஏரிதான் பல ஊர்களுக்குக் கால்பந்துத் திடல். வடகிழக்குப் பருவமழை முடிந்து வெயில் ஏறும் வரையுள்ள நல்ல ஆட்டக் காலத்தில் ஏரியில் தண்ணீர் நிற்கும், நிற்கவும் வேண்டும். நவரைப் பட்டத்து நெல் அதை நம்பித்தான். ஆகவே தனித் திடல் தேவை. நிலம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கால்பந்து விதிப்படி ஆடுகளத்தின் குறைந்தபட்ச அளவு 90 மீட்டருக்கு 45 மீட்டர். அது 4,050 சதுர மீட்டர், ஏறக்குறைய சரியாக ஒரு ஏக்கர். தமிழ்நாட்டின் விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக (ஓ.எஸ்.ஆர்.) உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் சாலை போக 10 ஏக்கர் மனைக்கு ஒரு ஆடுகளம். ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் இருபது ஆண்டுகளாக முளைத்த மனைப்பிரிவுகள் எத்தனை! அந்த ஓ.எஸ்.ஆர். நிலங்கள் எங்கே, எவை முள்மண்டிக் கிடக்கின்றன, எவை ஆக்கிரமிப்பில் போயின? மாவட்ட ஆட்சியர் ஊர்வாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும்.

கிடைக்கும் திடலை விலை பேசுவதும் நடக்கக் கூடாது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. வியாசர்பாடிப் பிள்ளைகள் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? எதிர்ப்பு கிளம்பிய மறுநாளே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. தாம்பரம் மாநகராட்சியும் இம்மாவட்ட நகராட்சிகளும் அந்த வழியை நினைத்தும் பார்க்கக் கூடாது. அரசுப் பள்ளித் திடல்கள் மாலையிலும் விடுமுறையிலும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பின் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலை இழந்து, உயிரையும் இழந்தார். தலைநகரிலேயே அந்த நிலை. செய்யூர்ப் பக்கம் முட்டி திருகிய பையன் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க நொண்டுகிறான், ஆட்டத்தை மறந்துவிடுகிறான். ஒரு ஆட்டம் நடக்கிற இடத்தில் முதலுதவி தெரிந்த ஒருவரும், ஆடுகிறவர் பேரில் ஒரு விபத்துக் காப்பீடும் இருக்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கையா?

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று பார்ப்போம். மாவட்டத்தில் 8 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு 8 கழகங்கள், சொந்தத் திடலில் ஒன்று, எதிரணித் திடலில் ஒன்று என மோதினால் 56 ஆட்டங்கள், 14 வாரங்கள். பொங்கல் முடிந்து தொடங்கினால் அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடிந்துவிடும். மாவட்டம் முழுக்க 448 ஆட்டங்கள். ஒரு ரெஃப்ரி, இரண்டு லைன்ஸ்மேன், ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தாலும் மொத்தம் 6,72,000 ரூபாய். மேலக்கோட்டையூரில் உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதன் மாணவர்களுக்கு ரெஃப்ரி பயிற்சி கொடுத்து இறக்கலாம். பந்து, முதலுதவி, காப்பீடு என்று எதைச் சேர்த்தாலும், 92 கோடி ஒதுக்கிய கைகளுக்கு இது கணக்கே அல்ல. பெண்கள் அணிகளுக்கும் இதே அட்டவணை, இதே தொகை. ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும், மாவட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த பொங்கலுக்கு முன் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிக் கால்பந்து லீக்கின் அட்டவணையை வெளியிட வேண்டும். கழகப் பதிவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆடுகிறவர் அந்த ஒன்றியத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற விதியை எழுதிவைக்க வேண்டும். திடல்களை வருவாய்ப் பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்றே பதிய வேண்டும். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு அரசாணை போதும். அட்டவணை வராவிட்டால், அடுத்த சர்வதேசப் போட்டிக்கு மாமல்லபுரத்தில் பந்தல் போட வரும் அமைச்சரையும் அதிகாரிகளையும் இம்மாவட்டக் கழகங்கள் திடலுக்கு அழைத்து நேருக்கு நேர் கேட்க வேண்டும். கேட்கிற கழகங்களோடு நாம் நிற்போம்.