கண்ணாடி முன் ஒரு வைத்தியம்

தன்னை நேசிக்கக் கற்பிக்கும் நூலென்று பலர் புகழக் கேட்டே, அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் ஹே 1984இல் வெளியிட்ட ‘யூ கேன் ஹீல் யுவர் லைஃப்’ நூலைக் கையிலெடுத்தேன். தாழ்த்தப்பட்டவன் தன்னை மதிக்கப் பழகுவது நன்றே, அதை மறுப்பாரில்லை. ஆனால், நோய்களுக்கு மனக் காரணம் கூறும் அந்நூலின் பட்டியலில் காசநோய்க்கு எதிரே நிற்பது என்ன? சுயநலம்!

அந்நோயின் கிருமியை ரொபேட் கொக் உலகுக்கு அறிவித்தது 1882இல். போதிய உணவின்றி, காற்றோட்டமற்ற நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்வோரையே அது பெரிதும் பற்றுகிறது. அவர்களிடம், கண்ணாடி முன் நின்று உன்னை நேசி என்பதா? நோயாளியைக் குற்றவாளியாக்கிவிட்டு, கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் வாய்திறவாத இந்த அன்பு யாருக்குச் சேவகம் செய்கிறது?

மருந்தும் உணவும் காற்று வரும் வீடும் தன் உரிமையென மனிதன் எழுந்து கேட்கட்டும். தன்னை நேசிப்பதென்பது அதுவே.